தகுதி, கட் ஆஃப், ஓ.சி.: ஒரு கையேட்டை வாசித்தல்

நாவல் வந்தால் விமர்சனம் எழுதுகிறோம். கவிதைத் தொகுப்பு வந்தால் மூன்று ஊரில் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். ஆனால் வருசா வருசம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கைக்குப் போகிற ஒரு பிரதிக்கு யாரும் விமர்சனம் எழுதி நான் பார்த்ததில்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கைக்கான தகவல் கையேட்டைத்தான் சொல்கிறேன். 1997ல் ஒற்றைச் சாளர முறை வந்தபோது அண்ணா பல்கலைக்கழகம் இந்தச் சேர்க்கையை நடத்தியது. 2019லிருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. 2018லிருந்து கலந்தாய்வே கம்ப்யூட்டரில்தான். எது மாறினாலும் மொழி மட்டும் மாறவில்லை. சேரியிலிருந்து முதன்முதலாகப் படிக்கக் கிளம்புகிற பிள்ளைக்கு அரசாங்கம் பேசுகிற மொழி அதுதான்.

மே, சூன் மாதங்களில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற வேலையை நான் பல வருசமாகச் செய்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து மூன்று சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தகுதி, கட் ஆஃப், ஓ.சி. இந்த மூன்றும் கையேட்டில் ஒரு பொருளிலும் ஊருக்குள் வேறொரு பொருளிலும் புழங்குகின்றன. அந்த இடைவெளியில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள்.

முதலில் தகுதி. கையேட்டின்படி, ப்ளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றையும் படித்துத் தேறியிருக்க வேண்டும். மூன்றின் சராசரி பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 சதவீதம் இருக்க வேண்டும். தகுதி என்பது இவ்வளவுதான். விண்ணப்பம் போடுவதற்கான உரிமை. மார்க்கில் காட்டுகிற ‘சலுகை’யும் இந்த ஐந்து சதவீதம்தான்.

ஆனால் 1990ல் மண்டல் அறிக்கையை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் ‘தகுதி, திறமை’ என்று கூவினார்களே, அது வேறு தகுதி. அது பிறப்போடு வருவதாக அவர்கள் நம்புகிற ஒன்று. இங்கிலீசில் இரண்டுக்கும் வேறு வேறு சொல் இருக்கிறது. நம் அரசாங்கத் தமிழ் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டது. அதன் விளைவை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மூன்று பாடத்திலும் சேர்த்து 58 சதவீதம் வாங்கிய பெண் பிள்ளை ஒன்று என்னிடம் சொன்னது: “எனக்கெல்லாம் தகுதி இல்லயாம் மாமா. டீச்சர் சொல்லிட்டாங்க.” கையேட்டின்படி அவளுக்குத் தேவை 40. அவளிடம் இருந்தது 58. அந்த டீச்சர் கையேட்டைப் படித்துச் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்குள் ஊர் ஏற்றி வைத்திருக்கிற பொருளைச் சொன்னார்.

இரண்டாவது, கட் ஆஃப். கணக்கு மார்க் நூற்றுக்கு அப்படியே வரும். இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக ஐம்பதுக்கு ஐம்பது. மொத்தம் 200. கணக்கில் 80, இயற்பியலில் 70, வேதியியலில் 74 வாங்கிய பிள்ளைக்கு 80, 35, 37 சேர்த்து 152. இதுவரை சின்னக் கணக்குத்தான். இதற்குமேல்தான் குழப்பம். “அந்தக் காலேஜுக்கு கட் ஆஃப் 180” என்று பேசும்போது ஏதோ அந்தக் கல்லூரி சட்டம் போட்டு 180க்குக் கீழே வராதே என்று சொல்லிவிட்டதாக நம் ஆட்கள் நினைக்கிறார்கள். அப்படி ஒரு சட்டமும் இல்லை. போன வருசம் அந்தப் பாடத்தில், அந்தப் பிரிவில், கடைசியாக இடம் கிடைத்த ஆளின் மார்க் 180. அவ்வளவுதான். வினாத்தாள் லேசாக இருந்தால் ஏறும். இடம் கூடினால் இறங்கும். எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் ஓடினால் சிவில், மெக்கானிக்கலில் இறங்கும். அது போன வருசத்துச் செய்தி. இந்த வருசத்துத் தீர்ப்பு கிடையாது.

அந்தச் செய்தியையும் கல்லூரிவாரியாக, பாடவாரியாக, சமூகவாரியாகத்தான் வெளியிடுகிறார்கள். கோச்சிங் சென்டர் போஸ்டரில் ஒட்டுவதோ பொதுப்பிரிவு கட் ஆஃப் மட்டும். எஸ்.சி. பிரிவில் கடைசி இடம் எந்த மார்க்கில் முடிந்தது என்பதை எவனும் சுவரில் ஒட்டமாட்டான். அதைத் தேடி எடுக்க ஒரு ஆள் வேண்டும், ஒரு போன் வேண்டும், எங்கே பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன வீட்டில் இது இரவுச் சாப்பாட்டின்போது பேசுகிற விசயம். நம் வீட்டில் அதைப் பேச ஆளில்லை. மார்க்கில் இருக்கிற வித்தியாசத்தைப் பற்றி நாடே பேசுகிறது. இந்தத் தகவலில் இருக்கிற வித்தியாசத்தைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

விருப்பப் பட்டியல் போடுகிற இடத்திலும் இதே கதை. பட்டியலில் மேலே இருப்பதிலிருந்துதான் வரிசையாகப் பார்ப்பார்கள். முதல் விருப்பம் கிடைக்கவில்லை என்பதால் பத்தாவது விருப்பத்துக்கு ஒரு பழுதும் வராது. எத்தனை வேண்டுமானாலும் போடலாம். ஆகவே ஆசைப்படுகிற கல்லூரியை மேலே போட்டு, கிடைக்கும் என்று தெரிகிறதைக் கீழே நிறையப் போடுவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற அறிவுரை என்ன? “ஒனக்குக் கெடைக்கிறத மட்டும் போடு, போதும்.” இது கம்ப்யூட்டர் சொல்கிற விதி இல்லை. ஊர்த் தெருவுக்குள் செருப்புப் போடாதே என்று சொன்ன வாய்தான் இதையும் சொல்கிறது.

மூன்றாவது சொல், ஓ.சி. மூன்றிலும் மோசமானது இதுதான். பொதுப்போட்டி என்பதன் இங்கிலீசுச் சுருக்கம் அது. ஆனால் தமிழ்நாட்டில் அதை ஒரு சாதியின் பெயராக ஆக்கிவிட்டார்கள். “நாங்க ஓ.சி.” என்று சொல்லிக்கொள்கிறார்கள். “அது ஓ.சி. சீட்டு, நமக்கில்ல” என்று நம் ஆட்களே சொல்கிறார்கள். ஓசியில் படிக்கிறான் என்ற ஏச்சு நமக்கு, ஓ.சி. என்ற இடம் அவர்களுக்கு!

கணக்கைப் பார்ப்போம். நூறு இடத்தில் பொதுப்போட்டிக்கு 31. பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, ஆதிதிராவிடருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. நம் பிள்ளையிடம் “ஒனக்கு எத்தன எடம்?” என்று கேட்டால் பதினெட்டு என்கிறது. தப்பு. 31 இடத்தின் மேல் யார் பெயரும் எழுதப்படவில்லை. மார்க் இருந்தால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆதிதிராவிடப் பிள்ளை போட்டி போடக்கூடியது 31ம் 15ம் சேர்த்து 46 இடத்துக்கு. அருந்ததியப் பிள்ளைக்கு அந்த 46ம் உண்டு, முன்னுரிமையாக 3ம் உண்டு, ஆக 49. 2009ல் வந்த இந்த உள்ஒதுக்கீட்டை 2024ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. அருந்ததியரில் ஆள் இல்லாமல் மிஞ்சுகிற இடம் மற்ற ஆதிதிராவிடருக்கு வரும். பழங்குடிப் பிள்ளைக்கு 32.

பொதுப்போட்டியில் மார்க் அதிகம் வேண்டும் என்பது உண்மைதான். கிண்டியில் அது மலை. ஆனால் இடம் நிரம்பாமல் கிடக்கிற எத்தனையோ கல்லூரிகளில் பொது இடத்தின் கதவு திறந்தேதான் கிடக்கிறது.

இன்னொன்று. நம் பிள்ளை ஒன்று மார்க்கின் பலத்தில் பொது இடத்தை எடுத்தால், அதை எஸ்.சி. கணக்கில் எழுதக்கூடாது. அந்த எஸ்.சி. இடம் அடுத்த பிள்ளைக்கு அப்படியே இருக்க வேண்டும். 1992ல் மண்டல் வழக்குத் தீர்ப்பு இதைச் சொல்லிவிட்டது. 69 சதவீதத்தைக் காப்பாற்றிய தமிழ்நாட்டின் 1994ஆம் வருசத்துச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பதினெட்டு என்பது நிற்பதற்கான தரை. அதைத் தலைக்குமேல் கூரையாக மாற்றுவதுதான் அலுவலகங்களின் சாமர்த்தியம். நான் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்த காலத்தில், ஒரு கல்லூரி அலுவலகத்தில் குமாஸ்தா என் அப்பாவிடம் சொன்னார்: “ஒங்க கோட்டா முடிஞ்சுபோச்சு, அடுத்த வருசம் வாங்க.” பொதுப் பட்டியலே அன்றைக்கு ஒட்டப்படவில்லை. அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “வாப்பா, போவோம்” என்றார். சண்டை போடுவதற்கும் ஒரு வார்த்தை தெரிந்திருக்க வேண்டுமே.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். மத்தியப் பிரதேசத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 5 சதவீதம் ஒதுக்கினார்கள். அதில் பொதுப்பிரிவுக்கு வைத்த இடங்கள் ஆளில்லாமல் கிடந்தன. நல்ல மார்க் வைத்திருந்த தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகளை அதில் சேர்க்க மறுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2024 ஆகஸ்டில்தான் நியாயம் கிடைத்தது. பொது என்றால் எல்லாருக்கும் என்பதை நிரூபிக்க நாம் இன்னும் டெல்லிக்கு ரயில் ஏற வேண்டியிருக்கிறது.

நீதிமன்றம் என்றதும் செண்பகம் துரைராஜன் வழக்கைச் சொல்லாமல் போக முடியாது. அப்போது சென்னை மாகாணத்தில் கம்யூனல் ஜி.ஓ. நடப்பில் இருந்தது. பதினான்கு இடத்தில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, நமக்கு 2, கிறித்தவ, ஆங்கிலோ இந்தியருக்கு 1, முஸ்லிமுக்கு 1. மருத்துவக் கல்லூரியில் தனக்கு இடம் மறுக்கப்படுகிறது என்று அந்த பிராமணப் பெண்மணி 1950ல் வழக்குப் போட்டார். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கம்யூனல் ஜி.ஓ.வைச் செல்லாது என்றது. இதற்குப் பதிலாகத்தான் அதே வருசம் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. இதெல்லாம் எல்லோரும் எழுதியாயிற்று. நான் கவனிக்கச் சொல்வது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிற ஒரு சின்ன விசயத்தை. அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்ததாகவே தெரியவில்லை. விசாரித்துப் பார்த்தார், இடம் கிடைக்காது என்று தெரிந்துகொண்டார், நேரே கோர்ட்டுக்குப் போனார்.

நம் பிள்ளைகளும் அதைத்தான் செய்கிறார்கள். விசாரிக்கிறார்கள், கிடைக்காது என்று யாரோ சொல்கிறார்கள், விண்ணப்பம் போடாமல் விட்டுவிடுகிறார்கள். அவர் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். இவர்கள் துணிக்கடைக்கும் மில்லுக்கும் போகிறார்கள். விண்ணப்பிக்காத ஒருவருக்காக ஒரு சட்டமே சாய்ந்தது. விண்ணப்பிக்காத நம் பிள்ளைகளின் எண்ணிக்கை எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை.

கையேட்டைக் கரைத்துக் குடித்தாலும் போதாது என்பதற்கு அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா சாட்சி. ப்ளஸ் டூவில் 1200க்கு 1176. பழைய முறையில் மருத்துவ கட் ஆஃப் 196.75. அவர் படிக்கத் தொடங்கியபோது வாசல் ஒரு இடத்தில் இருந்தது. 2017ல் நீட் என்று அதை வேறு இடத்துக்கு நகர்த்தினார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய் நின்ற அந்தப் பெண்ணை 2017 செப்டம்பர் 1ல் இழந்தோம். அதன் பிறகுதான் 2020ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீதம் வந்தது. 2021ல் பொறியியலுக்கும் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால் உண்டு. ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் அதில் சேரும். கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. ஆனால் உதவிபெறும் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இல்லை. நம் சனத்தில் பாதிரியார் பள்ளிகளில் படித்தவர்கள் எத்தனை பேர்! அந்தப் பள்ளியும் இந்தப் பள்ளியும் ஒரே தெருவில் இருக்கும், ஒரே கூரை வீட்டிலிருந்துதான் இரண்டுக்கும் பிள்ளைகள் போவார்கள்.

கையேட்டின் கடைசிப் பக்கங்கள் சான்றிதழ்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று. எஸ்.சி.க்குத் தாசில்தார் தரலாம், எஸ்.டி.க்குக் கோட்டாட்சியர் தர வேண்டும். காட்டுநாயக்கன் பிள்ளைகள் இந்த ஒரு தாளுக்காக வருசக்கணக்கில் அலைவது ஊரறிந்த கதை. கிறித்தவத்துக்குப் போன பறையர் வீட்டுப் பிள்ளைக்கு 1950ஆம் வருசத்துக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி எஸ்.சி. கிடையாது. தமிழ்நாட்டில் பி.சி. பட்டியல். சேரி அதே சேரி, இழிவு அதே இழிவு, சான்றில் மட்டும் வேறு எழுத்து. இதையும் ‘தேவையான ஆவணங்கள்’ என்று ஒரு வரியில் கையேடு முடித்துவிடுகிறது.

தலித் இலக்கியம் என்று பேசுகிற நாம் எந்தப் பிரதியை வாசிப்பது என்பதிலும் ஒரு அரசியல் இருக்கிறது. நம்மைப் பற்றி எழுதப்பட்டதைக் கட்டுடைத்தால் மட்டும் போதாது. நம்மை உள்ளே விடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிற பிரதியையும் வாசிக்க வேண்டும். அதற்குப் பெரிய கோட்பாடு ஒன்றும் வேண்டாம். ப்ளஸ் டூ முடிவு வந்த வாரத்தில், தெருவில் ஒரு பல்பைப் போட்டு, கையேட்டை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசிக்கலாம். தரவரிசையில் பிள்ளைக்கு இரண்டு எண் வரும்: ஒன்று பொது, ஒன்று சமூகம். இரண்டையும் தாளில் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லலாம். போன இரண்டு வருசத்து எஸ்.சி. கட் ஆஃபை எடுத்து ஊர்ச் சாவடிச் சுவரில் ஒட்டலாம். சான்றுகளைப் பத்தாவது முடித்த கையோடு வாங்கி வைக்கச் சொல்லலாம். “ஒங்க கோட்டா முடிஞ்சுபோச்சு” என்று எவனாவது சொன்னால், “பொதுவுல எத்தன இருக்கு, காட்டுங்க” என்று கேட்கப் பழக்கலாம்.

இந்த ஒரு கேள்வியை நம் பிள்ளைகள் வாய்திறந்து கேட்க ஆரம்பித்தாலே அந்தக் கையேடு வேறு மாதிரி எழுதப்படும்.