பன் பாயும் தரையில் இருக்கும் வழக்கமும்

இலங்கையின் அம்பாறைக் கரையில், கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக ஒடுங்கிய நிலத்தில் அமைந்த அட்டாளைச்சேனையிலும் அதன் அயலூர்களிலும் முஸ்லிம் பெண்களின் கையில் வளர்ந்த கலைகளுள் பன் பாய் இழைத்தல் குறிப்பிடத்தக்கது. பன் என்பது களப்போரத்திலும் நீர் தேங்கும் தாழ்நிலத்திலும் வளரும் கோரை இனப் புல். அதன் நீண்ட தண்டை அறுத்து, வெயிலில் உலர்த்தி, தட்டையாக்கி, வேண்டிய அளவுக்குச் சாயமேற்றி, தறியின் துணையின்றி விரல்களாலேயே பின்னி எடுப்பதை இழைத்தல் என்பர்.

இக்கலையின் தனித்தன்மை தமிழ்நாட்டுப் பத்தமடைப் பாயோடு ஒப்பிடும்போது தெளிவாகும். தாமிரபரணிக் கரையில் லெப்பை முஸ்லிம்களால் பெயர்பெற்ற அந்தப் பாயும் கோரைப் பாயே எனினும், தறியில் நீளவாட்டில் பருத்தி நூலைப் பாவாக இட்டு, கோரையைக் குறுக்கே ஊடையாகச் செலுத்தி அது நெய்யப்படுகிறது. நூல் மெலிந்து மறைந்துவிட, வண்ணம் பெரும்பாலும் குறுக்குப் பட்டைகளாகவே அமைகிறது. பன் பாயிலோ இரு திசையிலும் செல்வது புல்லே. சாயமிட்ட புல் சாயமிட்ட புல்லைக் குறுக்கிடும் இடத்தில் நிறைவண்ணக் கட்டமும், வெண்புல்லைக் குறுக்கிடும் இடத்தில் புள்ளி விரவிய இடைவண்ணமும், வெண்புல் வெண்புல்லையே குறுக்கிடும் இடத்தில் வெறும் வெண்மையும் தோன்றுவதால், ஒரே சாயத்தைக் கொண்டே மூன்று நிலைகளைக் காட்ட இழைப்பவரால் இயலுகிறது. ஒன்று விட்டு ஒன்று என எடுத்தால் சமநிலைப் பரப்பும், இரண்டு விட்டு இரண்டு எனப் படிப்படியாக நகர்த்தி எடுத்தால் சாய்வரிகளும் பிறக்கின்றன. வளைகோட்டுக்கு இங்கு இடமில்லை. எல்லா உருவமும் படிக்கட்டாகவே ஏறி இறங்க வேண்டும் என்ற கட்டுப்பாடே இதன் வடிவக் கணிதத்துக்கு ஒழுங்கைத் தருகிறது.

இலங்கையின் பாய் இழைப்பை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் நெசவு, சாயமிடல் ஆகியவற்றோடு சேர்த்து ஆராய்ந்தார். சுவரில் தொங்கும் ஓவியத்துக்குரிய மதிப்பைத் தரையில் விரிக்கும் பொருளுக்கும் அளித்த அப்பார்வை கிழக்குக் கரையின் பன் பாய்க்கும் பொருந்தும்.

நல்ல பாயை அறிய விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் ஓரத்தையே. புல்லின் நுனிகள் உள்ளே மடிந்து பின்னலுக்குள் பூட்டிக்கொண்டிருந்தால் அது நாட்படவும் பிரியாது. அடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இடைவெளிகள் ஒரே சீராக இருக்கின்றனவா என்று பார்க்கலாம். இறுதியான சோதனை உடம்புக்குரியது. புல்லின் உள்ளே பஞ்சு போன்ற சோற்றுப் பகுதி காற்றையும் ஈரத்தையும் ஏற்பதால், புழுக்கமான இரவில் வியர்வை முதுகில் தேங்குவதில்லை. கழுவ எளிதாகவும் மலிவாகவும் பூஞ்சணம் பிடிக்காமலும் இருக்கும் பிளாஸ்டிக் பாய் பல வகையில் மேம்பட்டதாயினும், இந்த ஒரு குணத்தில் அதற்கு ஈடாவதில்லை.

இக்கலை தலைமுறை கடந்து வந்ததற்குக் குடும்ப அமைப்பும் துணை நின்றிருக்க வேண்டும். மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்து, மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழும் வழக்கம் கிழக்குக் கரையில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வேரூன்றியது. அதனால் தாயும் மகள்மாரும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ, பழகிய கையைப் பார்த்தே புதிய கை பழகும் வாய்ப்பு தானாக அமைந்தது.

அந்த வாய்ப்பு பெருமளவு இன்றும் இருக்க, பாயின் இடம் மட்டும் சுருங்கியதற்குக் காரணம் உட்காரும் முறை மாறியதே. ஓதுவதும், உறங்குவதும், விருந்தினரை இருத்துவதும், ஒரே பெருந்தட்டைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும் சஹன் சாப்பாடும் தரையில் நிகழ்ந்த காலத்தில், பாயின் குறைநிறை ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் தெரிந்தது. கதிரையும் கட்டிலும் மெத்தையும் வந்தபின், பாயை இழைக்கத் தெரிந்தவர் குறைவதற்கு முன்பே அதை மதிக்கத் தெரிந்தவர் குறைந்தனர். ஒரு கைத்தொழிலின் தரத்தைக் காப்பவர் செய்பவர் மட்டுமல்லர். ஓரம் பிசகினால் வாங்க மறுப்பவரும் காவலரே.

பன்னில் செய்யப்படும் கைப்பைகளும் சுவர் அலங்காரங்களும் இழைப்பவருக்கு வருவாய் தருகின்றன என்பதால் அவற்றைக் குறைகூறுவது முறையன்று. ஆயினும் சுவரில் தொங்கும் பாயிடம் கண் மட்டுமே கேள்வி கேட்கிறது. அதன் இறுக்கத்தையும் குளிர்ச்சியையும் நாட்பட உழைக்கும் தன்மையையும் கேட்க வேறு எவருமில்லை. ஆகவே இக்கலையைப் பேண நினைப்போர் இழைப்பவருக்குப் பயிற்சியும் சந்தையும் தேடித்தருவதோடு நின்றுவிடாமல், விருந்திலோ வாசிப்பிலோ பகலுறக்கத்திலோ பாயை மீண்டும் தரையில் விரித்துப் புழங்க வேண்டும். தேய்ந்துபோகும் பாய்க்கே அடுத்த பாய் தேவைப்படும்.