பந்தியும் பேரேடும்

2008, 2009 வாக்கில் ஜப்பான் ஏர்லைன்ஸின் (ஜால்) தலைவர் ஹருக்கா நிஷிமட்சுவை உலகத் தொலைக்காட்சிகள் முன்மாதிரியாகக் காட்டின. பஸ்ஸில் அலுவலகம் வருவார். மதியம் ஊழியர் உணவகத்தில் தட்டோடு வரிசையில் நின்று, கிடைத்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். யாரும் தடையின்றி வந்து பேசட்டும் என்று தன் அறைச் சுவரை எடுத்துவிட்டார். தன் ஆண்டுச் சம்பளத்தை 96 லட்சம் யென்னாகக் குறைத்துக்கொண்டார். அவரிடம் வேலை பார்த்த விமானிகள் பலர் அதைவிடக் கூடுதலாக வாங்கினார்கள். வங்கி முதலாளிகள் உலகைக் கவிழ்த்துவிட்டு போனஸ் வாங்கிய காலம் அது. நானும் அந்தக் காட்சியில் நெகிழ்ந்தவன்தான்.

2010 ஜனவரி 19 அன்று அந்த நிறுவனம் திவாலாகி நீதிமன்றத்தின் பாதுகாப்பைக் கோரியது. கடன் 2.32 லட்சம் கோடி யென். வங்கி, நிதித் துறைகளை விட்டுப் பார்த்தால் போருக்குப் பிந்தைய ஜப்பான் கண்ட மிகப் பெரிய திவால்.

பிப்ரவரி 1-ஆம் தேதி சேர்மனாக வந்தவர் கஸுவோ இனமோரி. இரண்டு நாள் முன்புதான் 78 வயது நிறைந்திருந்தது. 1959-இல் கியோசெராவைத் தொடங்கியவர். 1984-இல் இன்றைய கேடிடிஐ தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு வித்திட்டவர். 1997-இல் ஜென் துறவியாகத் தீட்சை பெற்றவர். விமானத் தொழிலில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. சம்பளம் வேண்டாம் என்று சொல்லி வந்தார். 2012 செப்டம்பரில் நிறுவனம் மறுபடி பங்குச் சந்தைக்குத் திரும்பிவிட்டது.

அன்றிலிருந்து இந்தக் கதை நிர்வாகப் பாடமாகச் சொல்லப்படுகிறது: தலைவர் நல்லவராக இருந்தார், ஊழியர் மனத்தைத் தொட்டார், ‘நம்ம கம்பெனி’ என்ற உணர்வு பிறந்தது, லாபம் வந்தது. இதில் எவ்வளவு உண்மை என்று நிறுத்துப் பார்க்க வேண்டும். நல்லவராக இருப்பதே போதுமென்றால் நிஷிமட்சு தோற்றிருக்கக் கூடாது.

நிஷிமட்சுவின் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அவர் கைக்கு வந்த நிறுவனம் அப்படிப்பட்டது. 1951-இல் தொடங்கி, இரண்டே ஆண்டில் அரசின் பங்கோடு மறுபடி நிறுவப்பட்டு, 1987-இல்தான் முழுக்கத் தனியார்மயமான நிறுவனம். அமைச்சகத்து அதிகாரிகள் ஓய்வுபெற்றதும் மேல்நாற்காலிகளில் வந்து உட்கார்வார்கள். அரசியல்வாதிகள் தங்கள் ஊரில் விமான நிலையம் கட்டுவார்கள். பயணிகள் இல்லாவிட்டாலும் விமானம் போகும். உள்ளே எட்டுத் தொழிற்சங்கங்கள், ஒன்றோடொன்று பேசாத பிரிவுகள். டோயோகோ யாமசாகி ‘மறையாத சூரியன்’ என்னும் பெருநாவலை இந்த நிறுவனத்தை மனத்தில் வைத்துத்தான் எழுதினார். அதில் சங்கத் தலைவன் ஒருவன் கராச்சி, டெஹ்ரான், நைரோபி என்று கண்காணாத ஊர்களுக்குத் தூக்கியடிக்கப்படுவான். அதன் திரைப்படம் வெளிவந்த சில மாதங்களிலேயே நிறுவனம் திவாலானது. இப்படிப்பட்ட இடத்தில் தலைவர் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது அழகான செயல். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்த ஊழியருக்கு அதனால் எதைத் தீர்மானிக்கும் உரிமை வந்தது? தான் வேலை செய்யும் தடத்தில் நிறுவனம் சம்பாதிக்கிறதா, இழக்கிறதா என்பதுகூட அவருக்குத் தெரியாது. தலைமை அலுவலகத்துக்கே மாதக் கணக்கு இரண்டு, மூன்று மாதம் கழித்துத்தான் கைக்கு வந்தது.

இனமோரிக்கு வாய்த்தது வேறு களம். 52,150 கோடி யென் கடனை வங்கிகள் தள்ளுபடி செய்தன. அரசு ஆதரவு பெற்ற மீட்பு அமைப்பு 35,000 கோடி யென் முதலீடு போட்டது. ஏறத்தாழ 16,000 பேர் வெளியேறினார்கள். அதாவது மூன்றில் ஒருவர். ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதியம் 30 சதவீதம் குறைந்தது, பணியில் இருந்தவர்களுக்குப் பாதி அளவுக்கு. எண்ணெய் குடிக்கும் ஜம்போ 747-கள் 2011 மார்ச்சோடு ஓய்வு பெற்றன. பழைய நஷ்டத்தைக் காட்டி வரியிலும் சலுகை கிடைத்தது. போட்டி நிறுவனமான ஆல் நிப்பான் ஏர்வேஸ், இது சமமான ஆட்டமில்லை என்று வெளிப்படையாகவே முறையிட்டது. அந்த முறையீடு நியாயமானது. இவ்வளவும் கிடைத்தால் யார் வந்தாலும் லாபம் காட்டியிருப்பார்கள் என்று ஒருவர் சொன்னால், அதைச் சட்டென்று தள்ளிவிட முடியாது.

ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. நீதிமன்றம் ஏற்ற மறுசீரமைப்புத் திட்டத்தில் தள்ளுபடி, ஆட்குறைப்பு, விமானக் குறைப்பு எல்லாம் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருந்தன. இவற்றையெல்லாம் வைத்து அந்தத் திட்டம் முதல் ஆண்டுக்கு எதிர்பார்த்த செயல்பாட்டு லாபம் 6,410 கோடி யென். வந்தது 18,840 கோடி. அடுத்த ஆண்டு, 2011 மார்ச் 11-இன் நிலநடுக்கமும் சுனாமியும் பயணிகளை வீட்டோடு முடக்கிய பிறகும், 20,490 கோடி. திட்டத்தை வேண்டுமென்றே குறைத்துப் போட்டிருக்கலாம். விமானங்களின் புத்தக மதிப்பைக் குறைத்ததால் தேய்மானச் செலவு இறங்கியதும் இதில் உண்டு. அதையெல்லாம் கழித்த பிறகும் ஏதோ மிஞ்சுகிறது. என் விசாரணை அந்த மிச்சத்தைப் பற்றியது.

இனமோரி செய்தவற்றில் இரண்டு முக்கியம். ஒன்று உபதேசம், மற்றது கணக்கு.

உபதேசம் 2010 ஜூனில் தொடங்கியது. உயர் பதவியிலிருந்த ஐம்பது பேரளவில் கூட்டி, ஒரே மாதத்தில் 17 வகுப்புகள். பொய் சொல்லாதே, பேராசைப்படாதே, நன்றி மறவாதே, மனிதனாகச் சரியானது எது என்று கேள். பெரிய பல்கலைக்கழகங்களில் படித்து வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். திவாலான கம்பெனியில் வந்து நீதிபோதனை வகுப்பா என்ற முணுமுணுப்பு. வகுப்பு முடிந்ததும் மலிவான பீரும் கொறிக்க ஏதாவதும் வைத்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். அங்கேதான் சிலர் மனம் மாறியதாகச் சொன்னார்கள். 2011 ஜனவரியில் 40 கூறுகள் கொண்ட ‘ஜால் தத்துவம்’ கையேடாக வந்தது. பின்னர் விமானி, பொறியாளர், பெட்டி தூக்குபவர், டிக்கெட் கவுண்டரில் நிற்பவர், ஒப்பந்த நிறுவன ஊழியர் எல்லோரையும் ஒரே மேசையில் கலந்து உட்கார வைத்து வகுப்புகள் நடந்தன. கையேட்டின் வாசகங்களைவிட அந்த மேசைதான் முக்கியம் என்று நினைக்கிறேன். பத்தாண்டு, இருபதாண்டு ஒரே விமானத்தின் மேலேயும் கீழேயும் வேலை செய்தும் ஒருவரோடொருவர் பேசியிராதவர்கள் அதில் உட்கார்ந்தார்கள்.

கணக்கு என்பது கியோசெராவில் அவர் உருவாக்கிய ‘அமீபா’ முறை. பெரிய நிறுவனத்தைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வரவு செலவு. ஜாலில் 2011 ஏப்ரலில் இது முறையாக நடைமுறைக்கு வந்தது. தடங்களை நிர்வகிக்கும் பிரிவு, விமானிகளின் சேவையை விமானிகள் பிரிவிடமிருந்தும், பராமரிப்பைப் பொறியாளர் பிரிவிடமிருந்தும், தரைப்பணியை விமான நிலையப் பிரிவிடமிருந்தும் விலை கொடுத்து ‘வாங்கும்’. அதனால் ஒவ்வொரு விமானப் பயணத்தின் லாப நஷ்டமும் மறுநாளே தெரிந்தது. மாதாமாதம் பிரிவுத் தலைவர்கள் தங்கள் எண்களை வரிவரியாக விளக்க வேண்டும். ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்று இனமோரி குடைவார். பட்டறையில் கையுறைக்கும் துடைக்கும் துணிக்கும் விலை எழுதி ஒட்டினார்கள். நேற்றுவரை ‘அவர்கள் பணம்’ என்றிருந்தது மெக்கானிக்கின் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய தொகையாயிற்று.

கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பெட்டிச்சாவி ஒருவர் இடுப்பில் இருக்க, ‘எல்லாம் நம்ம வீடுதான்’ என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கடைசி மருமகளுக்கு அந்த வீடு எப்போது சொந்தமாகிறது? வீட்டுக் கணக்கு அவள் கண்ணில் படும்போது, அதில் அவள் ஒரு வார்த்தை சொன்னால் அது எடுபடும்போது. நிஷிமட்சு பந்தியைப் பொதுவாக்கினார். இனமோரி பேரேட்டைப் பொதுவாக்கினார்.

இங்கே என் வாதத்துக்கே எதிரான ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். முதல் ஆண்டின் பெருலாபம் வந்தது பேரேட்டு முறை முழுதாகத் தொடங்குவதற்கு முன்பு. எனவே அந்த 18,840 கோடியைப் பேரேட்டின் பெருமையாக எழுத முடியாது. அதில் பெரும்பங்கு வெட்டுக்கும் தள்ளுபடிக்கும் உரியது. மீதியில் மாதாந்தரக் கூட்டங்களுக்கும், அந்த ஜூன் மாத வகுப்புகளுக்கும்கூடப் பங்கு இருக்கலாம். பேரேட்டுக்கு நான் காட்டும் சாட்சி இரண்டாம் ஆண்டுதான். நிலநடுக்கத்துக்குப் பின் பயணிகள் குறைந்த தடத்தில் சிறிய விமானத்தை மாற்றிவிடுவதும், தேவைப்பட்ட இடத்துக்குக் கூடுதல் விமானம் அனுப்புவதும் மறுநாள் கணக்கு தெரிந்தவர்களால்தான் விரைந்து முடியும். இன்னொன்றும் உண்டு: நம்பிக்கை செத்துப்போன இடத்தில் பேரேட்டை மட்டும் கொடுத்திருந்தால் அது சாட்டையாகத்தான் பட்டிருக்கும். எட்டுச் சங்கங்களும் அதை வேவு என்றே படித்திருக்கும். இனமோரி மனத்தை முதலில் வைத்து எண்ணைப் பிறகு வைத்த வரிசை சரியானது. உபதேசத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பு அவ்வளவுதான். அது குறைவான மதிப்பும் அல்ல.

காலம் என்ன சொல்கிறது? கொரோனா ஆண்டில், 2021 மார்ச்சோடு முடிந்த கணக்கில், ஜால் 28,670 கோடி யென் நிகர நஷ்டம் கண்டது. ஆட்குறைப்பு செய்யவில்லை, வேலையில்லாத ஊழியர்களை வேறு நிறுவனங்களுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் தற்காலிகமாக அனுப்பி, சம்பளம் கொடுத்துத் தக்கவைத்தது. 2024 ஏப்ரலில் தலைவர் பொறுப்பேற்ற மிட்சுகோ தொட்டோரி, விமானப் பணிப்பெண்ணாக வேலையைத் தொடங்கியவர். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். இந்த இரண்டையும் நான் நல்ல சாட்சியாக ஏற்கிறேன்.

2024 ஜனவரி 2 அன்று ஹனேடா ஓடுதளத்தில் ஜாலின் 516-ஆம் விமானம் கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதி எரிந்தது. காவல்படையினர் ஐவர் இறந்தார்கள். ஜால் விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். ஒலிபெருக்கி அமைப்பு செயலிழந்திருந்தது. எட்டுக் கதவுகளில் மூன்றுதான் பயன்பட்டன. பின்பக்கத்துப் பணிப்பெண் கேப்டனின் உத்தரவுக்குக் காத்திராமல் தானே தீர்மானித்துக் கதவைத் திறந்தார். இதை இனமோரியின் தத்துவத்துக்குச் சாட்சியாகக் காட்டும் கட்டுரைகள் உண்டு. நான் அப்படி எழுத மாட்டேன். அந்த முடிவெடுக்கும் அதிகாரம் அவசரகாலப் பயிற்சியிலேயே இருக்கிறது. 1985 ஆகஸ்ட் 12 அன்று 520 பேர் இறந்த விபத்தின் நினைவும், அந்த விமானத்தின் சிதைவுகளை வைத்து 2006-இல் தொடங்கிய பாதுகாப்பு மையமும் இனமோரி வருவதற்கு முந்தியவை. அதே நேரம், 2018-இல் லண்டனில் துணை விமானி ஒருவர் போதையில் பிடிபட்டுச் சிறை சென்றார். 2024 டிசம்பரில் மெல்பர்னில் இரு விமானிகள் அளவுக்கு மீறிக் குடித்து விமானத்தைத் தாமதப்படுத்தினார்கள். கூடிப் பேசி மறைக்கவும் பார்த்தார்கள். பொய் சொல்லாதே என்பது இனமோரியின் வகுப்புகளில் சொல்லப்பட்ட பாடம். வகுப்பறை காக்பிட்டின் கதவுவரை போயிருக்கிறது; எல்லா இடத்திலும் உள்ளே போகவில்லை.

கடைசியாக, எனக்கு மிகவும் உறுத்துவது. 2010 டிசம்பர் 31 அன்று ஜால் 165 பேரைக் கட்டாயமாகப் பணிநீக்கம் செய்தது: 81 விமானிகள், 84 விமானப் பணிக்குழுவினர். தேர்ந்தெடுக்க வயதும், முன்பு நோய்க்காக விடுப்பு எடுத்த கணக்கும் அளவுகோல்களாயின. அந்த ஆண்டின் லாபம் திட்டத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு போய்க்கொண்டிருந்தது. சங்கங்கள் வேலைநிறுத்த வாக்கெடுப்பு நடத்தியபோது, அந்த உரிமை உறுதியானால் 35,000 கோடி யென் வராது என்று மீட்பு அமைப்பின் அதிகாரிகள் சொன்னார்கள். பணிநீக்கம் செல்லும் என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. ஆனால் அந்த மிரட்டல் சட்டவிரோதத் தொழிலாளர் விரோதச் செயல் என்பது 2016-இல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது.

என் தீர்ப்பு இது. இனமோரி ஜாலில் உருவாக்கிய ‘நம்ம கம்பெனி’ உணர்வு உண்மையானது. ஊழியரிடம் கணக்கையும் தீர்மானத்தையும் கொடுத்ததால் உண்டானது. வேறு நிறுவனங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதும் அதைத்தான். மீட்சியின் பெரும்பகுதி அவருடையதல்ல. தள்ளுபடியும் அரசுப் பணமும் வெளியேறிய 16,000 பேரும் அதைச் செய்தார்கள். 165 பேர் விஷயத்தில் அவர் தன் கேள்வியைத் தானே கேட்கத் தவறினார்: மனிதனாகச் சரியானது எது? அந்த 165 பேரின் சம்பளம் அந்த லாபத்தில் மிகச் சிறிய பங்கு. திவாலான நிறுவனத்தில் கறாரான ஒழுங்கு தேவை என்ற வாதத்தை நான் படித்திருக்கிறேன். நோய் விடுப்பு எடுத்தவரைக் குறிவைப்பதற்கு அந்த வாதம் போதவில்லை.

நிறுவனம் இன்றும் தன் கொள்கை அறிக்கையின் முதல் வரியில், எல்லா ஊழியரின் பொருள் வாழ்விலும் மனத்திலும் மகிழ்ச்சியைத் தேடுவதையே முதல் குறிக்கோளாக வைத்திருக்கிறது. வாடிக்கையாளர் சேவையும் நிறுவன மதிப்பும் அதற்குப் பிறகுதான். இனமோரியே அதை அப்படி வைக்கச் சொன்னார். 40 கூறுகள் கொண்ட கையேடு ஊழியர் கைக்கு வந்தது 2011 ஜனவரியில். அந்த 165 பேரின் கடைசி வேலைநாள் முடிந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.