பிரீஸருக்குள் ஒரு ரேடியோ

கலிபோர்னியாவின் எலக்ராஃப்ட் நிறுவனத்தின் கேஎக்ஸ்3 ரேடியோ முக்கால் கிலோகூட எடை வராது. 160 மீட்டரிலிருந்து 6 மீட்டர் வரை, ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்களின் அலைவரிசைகள் அதற்குள் அடக்கம். இரண்டு மீட்டர், அதாவது 144 மெகாஹெர்ட்ஸ் மட்டும் கிடையாது. அதற்குத் தனியாக ஒரு மாட்யூல் வாங்கி உள்ளே பொருத்த வேண்டும். இவ்வளவு செய்தும் வெளியே போவது மூன்று வாட்டை ஒட்டித்தான். ஐந்து வாட் தருகிற சாதாரண வாக்கிடாக்கி இதைவிடப் பல மடங்கு மலிவு. பிறகு எதற்கு இந்த மெனக்கெடல்?

சிற்றலை ரேடியோவை 144 மெகாஹெர்ட்ஸ் இருக்கும் வி.எச்.எஃப்.புக்கு ஏற்றுகிற பழைய வழியைப் பார்த்தால் விஷயம் புரியும். டிரான்ஸ்வர்ட்டர் என்ற தனிப்பெட்டிக்குள் ஒரு படிகம் 116 மெகாஹெர்ட்ஸில் அதிர்கிறது. ரேடியோ தரும் 28-ஐ அதோடு கலந்தால் 144. கணக்கு அவ்வளவுதான். ஆனால் கலக்கும்போது கூட்டல் மட்டுமா நடக்கிறது? கழித்தலும் கூடவே நடந்து 88 மெகாஹெர்ட்ஸும் பிறக்கிறது. அது எஃப்.எம். வானொலியின் வாசற்படி. அதை வெளியே விட்டால் பக்கத்து வீட்டுக்காரர் பாட்டுக் கேட்க முடியாது. கேட்கும் பக்கத்திலும் இதே தொல்லை. அங்கிருந்து ஒரு நிலையம் நம் காதுக்குள் வந்து உட்காரும். ஒரு டிரான்ஸ்வர்ட்டரின் மூடியைத் திறந்தால் நான் முதலில் பார்ப்பது, வரிசையாக நிற்கும் வடிகட்டிகளைத்தான். செய்தவர் கஞ்சரா கலைஞரா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்த தொல்லை, அதிர்வெண் நிலைத்து நிற்பது. படிகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 7 மெகாஹெர்ட்ஸில் விலகல் 7 ஹெர்ட்ஸ். யாரும் கவனிக்க மாட்டார்கள். 144-இல் அதே பிசகு 144 ஹெர்ட்ஸ். எஸ்.எஸ்.பி. என்ற குரல் முறையில் எதிர்முனை நண்பரின் தொண்டை கட்டிக்கொள்ளும், அல்லது வாத்துக் குரல் வரும். குறுகிய வடிகட்டி போட்டு மோர்ஸ் கேட்பவரின் காதிலிருந்து ஒலியே நழுவிவிடும். ரேடியோவோ கையகலம். பேசப் பேசச் சூடாகும், சூடாகச் சூடாக நகரும்.

இதற்கு கேஎக்ஸ்3-இல் உள்ள வைத்தியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றி, பிரீஸரில் மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் ரேடியோவை வைக்கிறார்கள். நன்றாகக் குளிர்ந்ததும் எடுத்து, அசையாத ஒரு சிக்னலைக் கொடுத்து, மெல்லச் சூடேற விடுகிறார்கள். எந்த வெப்பத்தில் எத்தனை ஹெர்ட்ஸ் விலகுகிறது என்று கணினி குறித்துக்கொள்கிறது. அந்த அட்டவணை ரேடியோவின் நினைவில் ஏறுகிறது. அதன் பிறகு வெயிலோ பனியோ, அது தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். இரண்டு ரேடியோக்களின் அட்டவணை ஒன்றாக இராது. ஒவ்வொரு ரேடியோவின் நாடியையும் தனித்தனியாகத்தான் பிடிக்க வேண்டும்.

எஃப்.எம்.மில் மட்டும் பேசப்போகிறவர்கள் இந்த மாட்யூலுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம், வாக்கிடாக்கியே போதும். எஸ்.எஸ்.பி.யிலும் மோர்ஸிலும் காது வைப்பவர்கள், கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். வீட்டில் பிரீஸரைத் திறப்பவரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.