அலுக்காத ஆல்பங்கள்

நான் திரும்பத் திரும்பப் போடும் ஹெவி மெட்டல் ஆல்பங்களில் 1971இல் வந்த பிளாக் சப்பாத்தின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'க்குத்தான் முதலிடம். கிட்டார் கலைஞர் டோனி அயோமி இடக்கைக்காரர். பர்மிங்ஹாமில் தகரப் பட்டறை வேலையில், கம்பியை அழுத்த வேண்டிய வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் இயந்திரத்தோடு போயின. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். இந்த ஆல்பத்தின் பல பாட்டுகளில் சுருதியையும் நன்றாக இறக்கிவிட்டார். தளர்ந்த கம்பியின் அந்த உறுமல் காதுக்கு முன்பே நெஞ்சில் இறங்கும். முதல் பாட்டு தொடங்குவதே அவருடைய இருமலோடுதான். ஹெட்போனில் கேட்டால் அறைக்குள் யாரோ இருமுவதுபோலத் திடுக்கிடும்.

மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' வேறு ரகம். ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் கை பெரும்பாலும் கீழ்நோக்கியே மீட்டும். மேலும் கீழுமாக மீட்டினால் கைக்குச் சுகம்தான், ஆனால் அந்த வெட்டு இருக்காது.

அயர்ன் மெய்டனின் 'பவர்ஸ்லேவ்' என்றால் கோல்ரிட்ஜின் கவிதையிலிருந்து பிறந்த 13 நிமிடக் கடைசிப் பாட்டுக்காகத்தான். நடுவில் எல்லாம் அடங்கி, கப்பல் மரம் கிரீச்சிடும் இடம் அபாரம். இடையில் இரண்டு பாட்டைத் தாண்டிவிடுவேன். மெய்டன் ரசிகர்கள் மன்னிக்கட்டும்.