சாவி யார் கையில்?

நான் சிறுவனாக இருந்த காலத்தில் திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு பழைய சத்திரம் இருந்தது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்கள் இரவில் அங்கே தங்குவார்கள். விடிந்து அவர்கள் போன பிறகு நாங்கள் பையன்கள் உள்ளே நுழைந்து சுவர்களைப் படிப்போம். ஆம், படிப்போம்! கரித்துண்டால் எழுதிய பெயர்கள், ஊர்கள், தேதிகள், வேண்டுதல்கள். தமிழில் ஒன்று இருந்தால் பக்கத்திலேயே தெலுங்கில் ஒன்று. ‘பரீட்சையில் பாஸாக வேண்டும், முருகா’ என்று ஒருவன் எழுதியிருப்பான். அதன் கீழே, ‘படித்தால் பாஸாகலாம்’ என்று வேறொருவன் எழுதிவிட்டுப் போயிருப்பான். பிற்காலத்தில் நான் கதை எழுத வந்ததற்கு அந்தச் சுவரும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

2004-ஆம் ஆண்டில் பேஸ்புக் பிறந்தபோது, உறுப்பினர்கள் எழுதுவதற்காக அது ஒதுக்கிய இடத்துக்கும் ‘சுவர்’ என்றுதான் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குச் சத்திரம் ஞாபகம் வந்தது. அப்படி ஞாபகம் வந்ததுதான் நான் ஏமாந்த இடம். சத்திரத்துச் சுவருக்கு எங்களைத் தெரியாது. இந்தச் சுவருக்கோ எழுதியவனையும் தெரியும், நின்று படித்தவனையும் தெரியும், இருவருக்கும் என்ன உறவு என்பதும் தெரியும்.

நான் விஞ்ஞானி அல்ல. எல்லைக்கு அப்பால், ஆந்திரப் பக்கத்தில் இன்டர்மீடியட் வரையில் படித்துவிட்டு எழுத வந்தவன். கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் விழிப்பேன். ஆனால் மனிதர்கள் ஒருவரை ஒருவர் நம்புவதும், அந்த நம்பிக்கை வீணாவதும் என் தொழிலைச் சேர்ந்த விஷயங்கள். அந்த முறையில்தான் சமூக வலைத்தளங்களைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு.

இந்தத் தளங்களை வைது தீர்ப்பது என் நோக்கம் அல்ல. அமெரிக்காவில் 1997-இல் சிக்ஸ்டிகிரீஸ் என்று ஒன்று முளைத்தது. பிறகு 2002-இல் பிரண்ட்ஸ்டர், 2003-இல் மைஸ்பேஸ், 2004-இல் ஆர்குட்டும் பேஸ்புக்கும். நம் நாட்டில் முதலில் செல்லப் பிள்ளையாக இருந்தது ஆர்குட்தான். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, பிரிந்துபோன பள்ளிச் சிநேகிதனைக் கண்டுபிடித்துக் கண் கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2014 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு அது மூடப்பட்டது. அதற்கு வெகு முன்பே ஜனங்கள் பேஸ்புக்குக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். 2015 டிசம்பரில் சென்னையும் எங்கள் திருவள்ளூர் மாவட்டமும் வெள்ளத்தில் தத்தளித்தபோது, எந்தத் தெருவில் யார் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், எங்கே சாப்பாடு வேண்டும் என்பதை முகம் தெரியாதவர்கள் இந்தச் சுவர்களில்தான் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். 2017 ஜனவரியில் மெரினாக் கடற்கரையில் இளைஞர்கள் திரண்டதற்கும் இவை உதவின. நன்றி மறக்கக் கூடாது.

ஆனாலும் இனி நான் சொல்லப் போவதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆடிக் கிருத்திகை முடிந்த மறு வாரம், என் அக்கா மகள் வீட்டுக்கு வந்தாள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண். தெருவிலிருந்தே ‘மாமா’ என்று குரல் கொடுத்துக்கொண்டு வருகிறவள், அன்று ஒன்றும் பேசாமல் வந்து கைப்பேசியை என் முன் நீட்டினாள். ஒரு வலைத்தளத்தில் அவள் பெயரில் ஒரு பக்கம். அவள் முகம். அதன் கீழே, அவள் வாயில் ஒரு நாளும் வராத வார்த்தைகள். கூடப் படிக்கிற பையன்களுக்கெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து நட்பு அழைப்பு போயிருந்தது.

பெண்கள் படிப்பதையும், வேலைக்குப் போவதையும், தங்கள் மனத்துக்குச் சரியென்று பட்டதைச் செய்வதையும் ஆதரித்து நாவல் நாவலாக எழுதியவன் நான். அப்படிப்பட்ட நான் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

“ஏம்மா, உன் படத்தை எதற்காக அங்கே போட்டாய்?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் எங்கே மாமா போட்டேன்? என் பக்கத்தில் முருகன் படம்தான் இருக்கிறது. நீங்கள் போட்ட படத்திலிருந்து வெட்டி எடுத்திருக்கிறான். ஓரத்தில் பாருங்கள், உங்கள் தோள் தெரிகிறது.”

பார்த்தேன். தெரிந்தது. கிருத்திகையன்று மலைமேல் குடும்பத்தோடு நின்று எடுத்துக்கொண்ட படம். யார் யார் நிற்கிறார்கள் என்று பெயர்களையும் வரிசையாகக் குறித்துப் பெருமையோடு என் பக்கத்தில் போட்டிருந்தேன். அதை யார் பார்க்கலாம் என்று கேட்கும் கட்டத்தில் ‘எல்லோரும்’ என்று இருந்தது. நான் அதைத் தொடவே இல்லை. வாசகர் என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வது எழுத்தாளனுக்கு உரிய பலவீனம். என் ‘சிநேகிதர்கள்’ ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் நூறு பேரை நான் நேரில் பார்த்திருந்தால் அதிகம்.

அந்தப் பெண் தன் வீட்டுக் கதவைச் சரியாகத்தான் பூட்டியிருந்தாள். இன்னொரு சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

அதன் பிறகுதான் இந்தத் தளங்களில் நடந்த திருட்டுகளைப் பற்றி நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அவை இரண்டு ஜாதி. ஒன்று, பூட்டை உடைத்து வரும் திருட்டு. 2012-இல் லிங்க்ட்இன் என்ற தளத்திலிருந்து சுமார் 65 லட்சம் கடவுச்சொற்கள், சங்கேத வடிவில், வெளியே வந்தன; போனது உண்மையில் 11 கோடிக்கும் மேற்பட்டவர்களுடையது என்பது 2016-இல்தான் தெரிந்தது. இது பாங்கில் கொள்ளை போவது போல. அதற்குக் கனமான பூட்டுப் போடலாம்.

இரண்டாவது ஜாதி விருந்தாளியாக வருவது. 2005-ஆம் ஆண்டு அக்டோபரில் சாமி காம்கர் என்ற 19 வயது அமெரிக்க இளைஞர் மைஸ்பேஸில் தம் பக்கத்தில் சில வரிகளை மறைத்து வைத்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்தவர் அறியாமலே அவருக்குச் சிநேகிதர் ஆகிவிடுவார்; அந்த வரிகளும் பார்த்தவருடைய பக்கத்துக்குத் தாவிவிடும். அவர் பக்கத்தைப் பார்த்தவருக்கும் அதே கதி. ஒரு நாள் பொழுதுக்குள் பத்து லட்சம் பக்கங்களுக்கு அது பரவி, தளத்தையே நிறுத்தும்படி ஆயிற்று. இளைஞர் அதை விளையாட்டாகச் செய்தார். ஆனால் சிநேகமே திருடனுக்குப் பாதை என்று உலகத்துக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்தும் பயனில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஒருவர் பேஸ்புக்கில் மனோதத்துவப் பரீட்சை ஒன்று வைத்தார். அதை எழுதியவர்களின் விவரங்களோடு, அவர்களுடைய சிநேகிதர்களின் விவரங்களும் சேர்ந்து, கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற தேர்தல் ஆலோசனைக் கம்பெனிக்குப் போயின. 2018 மார்ச்சில் விஷயம் அம்பலமாயிற்று. மறு மாதம் பேஸ்புக்கே வெளியிட்ட கணக்கு இது: இந்தியாவில் அந்தப் பரீட்சையைச் சேர்த்துக்கொண்டவர்கள் 335 பேர், பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர்! வகுத்துப் பாருங்கள். ஒருவர் கதவைத் திறந்தால் ஏறக்குறைய 1,680 வீடுகள் திறந்துகொண்டன. அந்த ஐந்தரை லட்சம் பேரும் தங்கள் கடவுச்சொல்லைப் பத்திரமாகத்தான் வைத்திருந்திருப்பார்கள். அதனால் என்ன பிரயோஜனம்?

2021 ஏப்ரலில் 53 கோடி பேருடைய பேஸ்புக் விவரங்கள், கைப்பேசி எண்ணோடு, கடைச்சரக்குப் போல வெளியே கிடந்தன. எந்த வழியாகப் போயின? கைப்பேசியில் இருக்கும் எண்களைக் கொடுத்துச் சிநேகிதர்களைக் கண்டுபிடித்துக்கொள்ளும் வசதி ஒன்று இருந்தது; அதன் வழியாகத்தான். 2018 செப்டம்பரில் நடந்தது இன்னும் வேடிக்கை. ‘என் பக்கம் மற்றவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது?’ என்று ஜாக்கிரதைக்காரர்கள் சோதித்துக்கொள்வதற்காக வைத்திருந்த ஜன்னல் வழியாகவே திருடர்கள் நுழைந்தார்கள். சுமார் 3 கோடிக் கணக்குகளின் சாவி போயிற்று.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படுகிறது. இந்தத் தளங்கள் விற்கிற சரக்கு நம் உறவுதான். உறவு இழைகள் எவ்வளவு அதிகமாக, எவ்வளவு தாராளமாகத் திறந்திருக்கின்றனவோ அவ்வளவுக்கு வியாபாரம். ஆகவே அந்த ‘எல்லோரும்’ என்ற கட்டம் தற்செயலாக அமைந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை. ‘எல்லோரும்’ என்பதை முதலில் வைத்து, ‘வேண்டாம் என்றால் மாற்றிக்கொள்’ என்று சொல்வது, கதவில்லாத வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ‘தச்சனை நீயே தேடிக்கொள்’ என்று சொல்வதற்குச் சமம்.

இதற்கு நாம் சொல்லும் புத்திமதி என்ன? ‘கடவுச்சொல்லை மாற்று, படம் போடாதே, ஜாக்கிரதையாக இரு.’ எல்லாம் தனி ஆளுக்கு, அதிலும் பெரும்பாலும் பெண்ணுக்கு. 2016 ஜூன் மாதம் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம் பெண்ணின் முகத்தை வேறொரு உடலோடு ஒட்டி பேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பத்தார் போலீஸில் புகார் கொடுத்தும் படம் உடனே அகலவில்லை. அந்தப் பெண் உயிரை விட்டுவிட்டாள். படத்தை விடவும், படத்தை நம்புகிறவர்களின் பார்வைதான் இப்படிப்பட்ட பெண்களைக் கொல்கிறது. ‘ஏம்மா போட்டாய்?’ என்ற என் கேள்வியும் அந்தப் பார்வையைச் சேர்ந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் என் மனம் கூசுகிறது.

மறு ஆண்டு, 2017 ஜூனில், முகப்புப் படத்தை மற்றவர் நகல் எடுக்காமல் தடுக்கும் கவசம் ஒன்றை பேஸ்புக் முதன்முதலாக இந்தியாவில் கொண்டுவந்தது. 2020-இல் பக்கத்தையே பூட்டிக்கொள்ளும் வசதியும் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் கவசமும் பூட்டும் அவளவள் பக்கத்துக்குத்தான். மாமன் பக்கத்தில் மருமகள் படம் திறந்து கிடந்தால் அவை என்ன செய்யும்?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கம்ப்யூட்டர் மூலம் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவில் மூன்று ஆண்டு வரையில் சிறை. 2021-இல் வந்த விதிகள், ஆள்மாறாட்டப் படங்களைப் பற்றிப் புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும் என்றன. எங்கள் புகாருக்கு, ‘எங்கள் விதிகளுக்கு விரோதமாக அதில் ஒன்றும் இல்லை’ என்று முதலில் பதில் வந்தது. கல்லூரிப் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் புகார் எழுதினார்கள். போலீஸிலும் எழுதிக் கொடுத்தோம். பதினொன்றாம் நாள் அந்தப் பக்கம் மறைந்தது. செய்தவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அந்தப் பதினோரு நாளும் அவள் கல்லூரிக்குப் போகவில்லை.

எல்லை என்றால் என்ன என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ம.பொ.சி. போன்றவர்கள் போராடி, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. எந்தக் கல் வரையில் யாருடைய அதிகாரம் என்று தெரிந்துவிட்டது. ஒரு வழக்கென்றால் எந்தக் கச்சேரிக்குப் போவது என்பதும் தெரிந்துவிட்டது. இந்தத் தளங்களுக்கு மட்டும் எல்லைக் கல் இல்லை. தவறு இங்கே நடக்கிறது, பதில் எங்கிருந்தோ வருகிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். 2023-இல் தனிநபர் விவரங்களைக் காப்பாற்ற ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. அதில் ஒரு விலக்கு உண்டு: ஒருவர் தம் சொந்த, குடும்பக் காரியத்துக்காகக் கையாளும் விவரங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அது நியாயமே, மாமன் மருமகள் நடுவில் சர்க்கார் வந்து நிற்க முடியுமா? கம்பெனியைக் கட்டுப்படுத்துவது சட்டத்தின் வேலை. கட்டம் முதலிலேயே மூடியிருக்க வேண்டும், புகாருக்குத் தமிழில், உரிய காலத்தில், மனிதர் ஒருவர் பதில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் நாம் உரத்துக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் மாமனைக் கட்டுப்படுத்த மாமன்தான் உண்டு. பிறருடைய கடிதத்தைப் பிரித்துப் படிப்பது அநாகரிகம் என்று நம் பெரியவர்கள் கற்பித்தார்கள். பிறருடைய முகத்தைக் கேளாமல் ஊருக்குக் காட்டுவதும் அநாகரிகம் என்று நாம் இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போன டிசம்பர் 31-ஆம் தேதி படித் திருவிழாவுக்கு எல்லோரும் மலையேறினோம். நாளுக்கு ஒன்றாக 365 படிகள். படிதோறும் பாட்டும் கற்பூரமுமாக ஜனங்கள். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, “ஒரு படம் எடுடா தம்பி” என்றாள். எடுத்தேன். பிறகு மருமகளிடம் கைப்பேசியைக் காட்டி, “போடட்டுமா?” என்று கேட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “வேண்டாம் மாமா” என்றாள்.

படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. என் கைப்பேசியிலேயே இருக்கிறது.