க்யூப் தேறியது; தளம்?

தளம் போடும் நாளில் மிக்சருக்குப் பக்கத்தில் எண்ணெய் தடவிய இரும்பு அச்சுகள் சில காத்திருக்கும். பக்கத்துக்கு 150 மில்லிமீட்டர் கொண்ட அந்த அச்சில் காங்கிரீட்டை மூன்று அடுக்காக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 35 முறை குத்தி, மேற்பரப்பை மட்டம் செய்வார்கள். மறுநாள் அச்சைப் பிரித்து, ‘க்யூப்’ எனப்படும் அந்தக் கட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். 28-ஆம் நாள் ஈரம் காயாமல் எடுத்து, இயந்திரத்தில் வைத்து நசுக்குவார்கள். எம்20 தரம் என்பது சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன். கட்டியின் ஒரு முகத்துக்கு அது 450 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 46 டன். போட்ட காங்கிரீட்டை ஏற்பதா மறுப்பதா என்பது பெரும்பாலும் இந்த ஒரு சோதனையைக் கொண்டே முடிவாகிறது.

இதன் பெரும்பலம், அபிப்பிராயத்தை அளவையாக மாற்றுவது. 1874-இல் லண்டன் சதக் தெருவில் டேவிட் கிர்க்கால்டி திறந்த சோதனைக்கூடத்தின் வாசலில், தங்களுக்கு வேண்டியது உண்மைகளே, அபிப்பிராயங்கள் அல்ல என்ற பொருளில் ஒரு வாசகம் பொறித்திருந்தார்கள். 1879-இல் இடிந்த டே பாலத்தின் இரும்புத் துண்டுகள் அங்கேதான் சோதனைக்குப் போயின. க்யூப் சோதனையும் அந்த மரபில் வந்ததே. செலவு குறைவு, முறை எளிது; சிற்றூர்ப் பொறியாளரும் பெருநகர ஒப்பந்தக்காரரும் ஒரே எண்ணை வைத்துப் பேச முடிகிறது. கலவையில் சிமெண்ட் குறைந்தாலோ தண்ணீர் மிகுந்தாலோ பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் மனிதக் கைகள் இருக்கின்றன. மட்டம் செய்த மேல்முகத்தின் மீதே பாரத்தை ஏற்றினால் முடிவு குறையும்; அதனால்தான் கட்டியைப் பக்கவாட்டில் திருப்பி வைக்கிறோம். விதித்த வேகத்தை மீறிப் பாரம் ஏற்றினால் முடிவு கூடும். கட்டி காய்ந்திருந்தாலும் கூடும். க்யூபுக்கென்று சிமெண்ட் கூட்டித் தனியே கலந்தால், அதைக் கண்டுபிடிக்க இயந்திரத்தால் ஆகாது. மாதிரி எடுத்து முடித்த பிறகு, ‘ஓட்டம் பத்தல’ என்று கலவையில் ஊற்றப்படும் ஒரு வாளித் தண்ணீரும் அறிக்கையில் வராது.

நேர்மையாகச் செய்தாலும் ஓர் இடைவெளி இருந்தே தீரும். 15 கன மீட்டர் தளத்துக்கு நம் விதி ஐ.எஸ். 456 கேட்பது இரண்டு மாதிரிகள், அதாவது ஆறு கட்டிகள். 15,000 லிட்டர் காங்கிரீட்டுக்காகச் சாட்சி சொல்வது சுமார் 20 லிட்டர். கட்டி தொட்டியில் மூழ்கிக் கிடக்கும். தளமோ சித்திரை வெயிலில் கிடந்து, எப்போதாவது ஊற்றும் தண்ணீருக்கு ஏங்கும். கட்டியில் அடுக்குக்கு 35 குத்து. தூணின் அடியில் வைப்ரேட்டர் எட்டாமல் ஜல்லி துருத்தி நிற்கலாம். இந்த வேறுபாட்டை விதியே அறிந்திருக்கிறது. கட்டடத்தில் உள்ள காங்கிரீட்டின் வலிமையை அது க்யூப் வலிமையில் 0.67 பங்காகவே எடுத்துக்கொண்டு, மேலும் 1.5-ஆல் வகுக்கச் சொல்கிறது. எம்20-க்கு வடிவமைப்பில் மிஞ்சுவது சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 9 நியூட்டன். அந்தக் குறைப்பை மெத்தனத்துக்கான சலுகையாகக் கொள்வதுதான் ஆபத்து.

மூன்றாவது குறை காலம். 28-ஆம் நாள் முடிவு வரும்போது அந்தத் தளத்தின் மேல் அடுத்த மாடியே எழும்பியிருக்கும். 1978 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், வில்லோ ஐலண்டில் கட்டுமானத்தில் இருந்த குளிர்விப்புக் கோபுரத்தின் மேற்பகுதி சரிந்து 51 தொழிலாளர்கள் இறந்தார்கள். முந்தைய நாள் போட்ட காங்கிரீட் குளிரில் போதிய வலிமை பெறுவதற்குள் கட்டுமானப் பாரத்தை அதன்மேல் ஏற்றியதே பெரும்பாலும் காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. அந்த மனிதர்களுக்குத் தேவைப்பட்டது அன்றைய வலிமை. 28-ஆம் நாளின் வலிமை அவர்களைக் காப்பாற்றியிருக்காது.

இதனால் க்யூபைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அது சொல்வது, வந்து சேர்ந்த காங்கிரீட் எவ்வளவு வலிமை பெறக்கூடியது என்பதை. அந்த வலிமையைக் கட்டடம் பெற்றதா என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு சாட்சிகள் வேண்டும். சென்ட்ரிங் பிரிப்பதை முடிவுசெய்ய, தளத்தின் அருகிலேயே அதே வெயிலிலும் அதே தண்ணீரிலும் ஆறிய கட்டிகளை நசுக்கிப் பார்க்க வேண்டும். ஐயம் எழுந்தால் கட்டடத்திலேயே துளையிட்டு உருளை மாதிரி எடுக்க வேண்டும். குறைந்தது மூன்று மாதிரிகளின் சராசரி அந்தத் தரத்தின் க்யூப் வலிமையில் 85 சதவீதத்துக்கும், தனி மாதிரி எதுவும் 75 சதவீதத்துக்கும் குறையக் கூடாது என்கிறது விதி. கட்டி வார்க்கும்போது ஒப்பந்தக்காரரைச் சாராத ஒருவர் உடனிருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விட எளிய ஒன்று உண்டு. க்யூப் அறிக்கையோடு ஒரு தாளை இணைக்கலாம்: தளத்துக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை வேளை தண்ணீர் விட்டார்கள், யார் விட்டார்கள் என்று எழுதிய தாள். கையெழுத்திடும் பொறியாளர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.