பெயரும் ஆண்டும்: 'கர்ணன்' திரைப்படம் பற்றி ஒரு திறனாய்வு

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஆங்கிலேயர் 1801இல் முற்றிலும் தரைமட்டமாக்கினர். அவ்வூரின் பெயரையே ஆவணங்களிலிருந்து நீக்கவும் ஆணையிட்டனர் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். ஆயினும் மக்கள் அப்பெயரை மறக்கவில்லை. 1974இல் தமிழ்நாடு அரசு அங்கே நினைவுக்கோட்டை ஒன்றை எழுப்பிற்று. அதே ஒட்டப்பிடாரம் வட்டத்தில் கொடியன்குளம் என்னும் சிற்றூரும் உள்ளது. அங்கு நினைவுக்கோட்டை இல்லை. 2021 ஏப்ரலில் வெளிவந்த மாரி செல்வராஜின் 'கர்ணன்' திரைப்படத்தையே அவ்வூரின் நினைவுச்சின்னமாகப் பலர் கருதுகின்றனர். அக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதை இங்கு ஆராய்வோம்.

முதலில் நடந்ததைக் கூறுவோம். 1995 ஆகஸ்ட் 31 அன்று, அக்காலத்தில் வ. உ. சிதம்பரனார் மாவட்டம் என வழங்கிய இம்மாவட்டத்தில், ஏறத்தாழ 600 காவலர் கொடியன்குளத்திற்குள் புகுந்தனர். குற்றஞ்சாட்டப்பட்டோரைத் தேடிச் சென்றதாகக் காவல்துறை கூறிற்று. ஆனால் அங்கு வீடுகள் உடைக்கப்பட்டன. தானியமும் தட்டுமுட்டுப் பொருள்களும் பாழாயின. குடிநீர்க் கிணற்றில் நஞ்சு கலக்கப்பட்டதாக மக்கள் முறையிட்டனர். வளைகுடா நாடுகளில் உழைத்து ஓரளவு தலைநிமிர்ந்திருந்த தேவேந்திரகுல வேளாளரின் ஊர் அது. அவர்களுடைய கல்விச் சான்றிதழ்களும் கடவுச்சீட்டுகளும் கூட அழிக்கப்பட்டன. ஒரு சமுதாயம் முன்னேறியதற்கான அடையாளங்களையே தாக்குதல் குறிவைத்தது என்பதை இது காட்டுகிறது. இதனை இன்றும் 'கொடியன்குளம் கலவரம்' என்று எழுதுவோர் உளர். கலவரம் என்பது இரு தரப்பார் மோதிக்கொள்வது. சீருடையும் அதிகாரமும் ஒரு தரப்பில் மட்டும் இருக்கையில் அச்சொல் பொருந்தாது.

திரைப்படத்தின் சிறப்புகள் பல. பேருந்து நிற்காத ஊர் ஒன்றை அது நம் கண்முன் நிறுத்துகிறது. வலிப்பு வந்து சாலையில் கிடக்கும் சிறுமியைக் கடந்து பேருந்துகள் செல்லும் தொடக்கக் காட்சி, புறக்கணிப்பு என்னும் சொல்லுக்கு நாம் எழுதும் விளக்கங்கள் அனைத்தையும்விட வலிமையானது. முன்கால்கள் கட்டப்பட்ட கழுதையும் அத்தகையதே. காவல்துறை அதிகாரியின் சினத்திற்குக் காரணம் கல்லெறியப்பட்ட பேருந்து மட்டும் அன்று. ஊர்ப் பெரியவர்கள் துரியோதனன் போன்ற பெயர்களைத் தாங்கி, நிமிர்ந்து நின்று பேசியதும் காரணம். காவல்நிலையத்தில் அம்முதியவர்கள் அடிபடும் காட்சியில், சாதி ஆணவம் சட்டத்தின் உடையில் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் படம் தெளிவாக உணர்த்துகிறது.

பெயர் என்பது இப்பகுதியில் சிறு பொருள் அன்று. கட்டபொம்மனின் படைத்தலைவர்களுள் ஒருவர் வீரன் சுந்தரலிங்கம். 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டபோது, அப்பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மறுத்து வன்முறையில் இறங்கியோர் இருந்தனர். முடிவில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இடப்பட்டிருந்த தலைவர்கள் அனைவரின் பெயர்களையும் அரசு நீக்கிற்று. ஒருவரின் பெயரைத் தாங்க இயலாதோருக்காக எல்லாப் பெயர்களும் அழிந்தன.

இத்தகைய மண்ணிலிருந்து எழுந்த படம், தானே பெயரையும் ஆண்டையும் கைவிட்டுவிட்டது என்பதே நமது முதற் குறை. கொடியன்குளம் படத்தில் 'பொடியன்குளம்' ஆயிற்று. நிகழ்ச்சிகள் 1997இல் நடந்தனவாக முதலில் காட்டப்பட்டன. 1995இல் ஆண்டது அ.தி.மு.க.; 1997இல் ஆண்டது தி.மு.க. இதனை உதயநிதி ஸ்டாலின் சுட்டிக்காட்டியபின் 1997 என்பது நீக்கப்பட்டது; அவ்விடத்தில் 1995 என்னும் உண்மையான ஆண்டு இடப்படவில்லை; பொதுவான சொற்றொடர் ஒன்றே இடப்பட்டது. எந்த ஆட்சி என்பது பற்றி வழக்காடக் கட்சிகள் இருந்தன. எந்த ஊர், எந்த நாள், யார் ஆணையிட்டது என்று கேட்க எவரும் இல்லை.

புனைவுக்குப் பெயரை மாற்றும் உரிமை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் கூறிய ஆட்டுக்குட்டியின் கதையிலும் பெயர் இல்லை. பெயரின்றிக் கூறியதனால்தான் அரசன் தடையின்றி நீதியான தீர்ப்பை உரைத்தான். ஆனால் நாத்தான் கதையோடு நிறுத்தவில்லை. அந்த மனிதன் நீயே என்று அரசனுக்கு நேரே கூறினான். 'கர்ணன்' கதையை நன்றாகக் கூறுகிறது. அந்த இரண்டாம் வார்த்தையை அது கூறவில்லை.

இரண்டாம் குறை இதனோடு தொடர்புடையது. படத்தில் தீமை முழுவதும் கண்ணபிரான் என்னும் ஓர் அதிகாரியிடம் குவிகிறது. கர்ணனின் வாள் அவனை வீழ்த்துவதோடு கணக்குத் தீர்கிறது. ஆனால் 600 காவலர் ஒருவரின் கோபத்தால் ஓர் ஊருக்குள் வருவதில்லை. திட்டமும் ஆணையும் ஊர்திகளும் வேண்டும். பின்னர் அதனை நியாயப்படுத்தும் அறிக்கைகளும் வேண்டும். வில்லன் மடிந்தான் என்று மனநிறைவோடு எழுந்து செல்பவர் அந்த அமைப்பைக் காணாமலே செல்கிறார். மேலும், உண்மையில் மக்கள் மேற்கொண்ட வழி வேறு. அவர்கள் முறையீடுகளோடு நீதிமன்றம் சென்றனர், போராட்டங்கள் நடத்தினர், 1996 தேர்தலில் ஒட்டப்பிடாரம் தொகுதி மருத்துவர் க. கிருஷ்ணசாமியைச் சட்டமன்றத்திற்கு அனுப்பிற்று. நெடிய அந்த உழைப்புக்குப் படத்தில் இடமில்லை.

யோவான் 18ஆம் அதிகாரத்தை இங்கு நினைவுகூர்வது தகும். அங்கும் இரவுக் கைது உண்டு, வாளும் உண்டு. பேதுருவின் வாளை உறையிலே போடச் சொன்ன ஆண்டவர், விசாரணையில் தம்மை அறைந்த சேவகனிடம் மௌனமாய் இராமல், அறைந்ததற்குக் காரணம் கேட்டார். வாளை மறுத்தல் வேறு. கேள்வியை விடுதல் வேறு. வெட்டுண்ட ஊழியக்காரனின் பெயர் மல்குஸ் என்பதையும் யோவான் எழுதிவைத்தார். சாட்சி அத்தகைய நுட்பம் உடையது.

இம்மாவட்டத்தின் பிற்கால நிகழ்ச்சிகளும் இதனையே காட்டுகின்றன. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகத் திரண்ட மக்கள்மீது காவல்துறை சுட்டதில் 13 பேர் மாண்டனர். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் தன் அறிக்கையில் அதிகாரிகளைப் பெயர் குறித்து நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல்நிலையத்தில் வதைக்கப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் இறந்தபோது, மாநிலமெங்கும் எதிர்ப்பு எழுந்தது. வணிகர் கடைகளை அடைத்தனர். அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டின் பெயரை மக்கள் தெருக்களில் முழங்கிய நாள்கள் அவை. எனினும் வழக்குக்கு வலுவூட்டியவற்றுள் தலையாயது, அக்காவல்நிலையத்திலேயே பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர் அவ்விரவில் கண்டதை நீதித்துறை நடுவரிடம் உரைத்த வாக்குமூலம். 2020இல் எழுந்த அளவு மாநிலம் 1995இல் எழவில்லை என்பதையும், அவ்வேறுபாட்டில் சாதிக்குப் பங்குண்டு என்பதையும் நாம் மறைக்கலாகாது.

ஆகவே, 'கர்ணன்' போற்றத்தக்க படைப்பே. ஆனால் அது நினைவுச்சின்னத்தின் பாதிப்பகுதி மட்டுமே. மறுபாதியை முடிப்பது பார்ப்போரின் கடமை. நம் வாலிபர் சங்கங்களிலும் இறையியற் கல்லூரிகளிலும் இப்படத்தைத் திரையிடுவோர், அதன்பின் கொடியன்குளம் என்னும் பெயரையும் 31.8.1995 என்னும் நாளையும் எடுத்துரைத்து, அன்று நடந்ததை மாணவர் ஆராய வழிசெய்ய வேண்டும். அவ்வூரில் அன்று இருந்தோர் பலர் இன்று முதியோர். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிவைக்கும் பணி காலந்தாழ்த்தத்தக்கது அன்று.